அம்மாவின் தைலம், தம்பியின் வெந்நீர்

கேள்வி

தென்மாவட்டத்து ஊர் ஒன்றிலிருந்து 43 வயது ஆசிரியை ஒருவர் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை எடுத்துவிட்டு, அவர் சம்மதத்துடன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு வயது 66. பதினோரு வருடங்களுக்கு முன்பு இதயத்தில் மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து வால்வில் ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் அசிட்ரோம் மாத்திரை, மாதம் ஒருமுறை ஐஎன்ஆர் சோதனை (ரத்தம் உறைய எத்தனை நேரம் ஆகிறது என்று பார்ப்பது, எண் ஏறினால் உறைவது தாமதமாகிறது என்று பொருள்). இருபது வருடச் சர்க்கரை வேறு. ராத்திரியானால் இரண்டு பாதமும் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிகிறது, தூக்கம் வருவதில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் 28 வயதுத் தம்பி தீபாவளிக்கு வந்தபோது ஒரு சின்னப் புட்டியைக் கொண்டுவந்தார். விஜயா எண்ணெய், 30 மில்லி. இரவில் நாக்குக்கு அடியில் நாலு சொட்டு. அம்மாவிடம் ‘தூக்கத்துக்கு ஆயுர்வேதத் தைலம்’ என்று சொல்லியிருக்கிறார்கள். விஜயா என்பது கஞ்சாச் செடிதான் என்று அம்மாவுக்குத் தெரியாது.

அம்மா தூங்கினார். மூன்று வாரம் வீடே நிம்மதியாக இருந்தது. நாலாவது வாரம் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. எங்கே இடித்தது என்றே தெரியாமல் முழங்கையில் நீலமாகக் கன்றியிருந்தது. எப்போதும் 2.8, 3.1 என்று இருக்கும் ஐஎன்ஆர் 5.6 காட்டியது. மருத்துவர் இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தி, பிறகு அளவைக் குறைத்துக் கொடுத்தார். ‘வேறு ஏதாவது மருந்து, நாட்டு மருந்து எடுக்கிறாரா?’ என்றும் கேட்டிருக்கிறார். இவர் ‘இல்லை சார்’ என்று சொல்லிவிட்டார். போலீஸ் பயம்.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் போனில் சண்டை. தம்பி நாலைந்து வருடமாகத் தினமும் கஞ்சா புகைப்பவர் என்பது அந்தச் சண்டையில்தான் வெளியே வந்தது. அவருடைய வாதம் இது: ‘நம்ம உடம்பே கஞ்சா தயாரிக்குதுக்கா. இதனால செத்தவன் ஒருத்தன்கூடக் கிடையாது. நான் எப்ப வேணா விட்டுடுவேன்.’ அந்தத் தம்பிக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை விடாமல் வாந்தி வருகிறது, இரண்டு முறை எண்டோஸ்கோபி பார்த்தும் ஒன்றும் இல்லை என்பதைக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

அவர் கேட்பவை: உடலே கஞ்சா தயாரிக்கிறது என்பது உண்மையா? எண்ணெயை நிறுத்தலாமா? தம்பிக்குப் பைத்தியம் பிடித்துவிடுமா? மருத்துவரிடம் சொன்னால் கேஸ் ஆகுமா? அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமா?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே இரண்டு வரி பதில் அனுப்பினேன்: ‘நாளைக் காலையில் புட்டியோடு அந்த மருத்துவரிடம் போங்கள். போவதற்கு முன் நீங்களாக எண்ணெயை நிறுத்தவும் வேண்டாம், மாத்திரையைக் கூட்டவும் வேண்டாம்.’ இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும் அதன் காரணத்தை இங்கே ஆற அமரச் சொல்கிறேன்.

முதலில் தம்பியின் வாதம். அதில் முக்கால்வாசி உண்மை இருக்கிறது, அதனால்தான் உங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

உடலே தயாரிக்கிறதா?

கஞ்சாவில் மயக்கம் தரும் பொருளான டி.எச்.சி.யை 1964ல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலம், யெஹியேல் கவோனி என்ற இருவரும் தனியாகப் பிரித்தெடுத்து, அதன் வடிவத்தையும் கண்டுபிடித்தார்கள். ஆராய்ச்சிக்கான ஹஷீஷை மெக்கூலம் போலீஸிடமிருந்தே வாங்கி, பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போன கதையைப் பின்னாளில் அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். பொருள் கிடைத்துவிட்டது. அது மூளையில் எங்கே போய் உட்காருகிறது என்று தெரிய இன்னும் 24 வருடம் ஆயிற்று. 1988ல் அமெரிக்காவில் ஆலின் ஹவ்லெட்டும் வில்லியம் டிவேனும் எலியின் மூளையில் அதற்கான ஏற்பியைக் காட்டினார்கள். இன்று அதன் பெயர் சி.பி.1. நோய் எதிர்ப்பு அணுக்களில் அதிகம் இருக்கும் சி.பி.2, 1993ல் தெரியவந்தது.

எங்கோ மலையில் முளைக்கும் ஒரு செடிக்காக நம் மூளை பூட்டுத் தயாரித்து வைத்திருக்காது, உள்ளேயே அதற்கு ஒரு சாவி இருக்க வேண்டும் என்று தேடினார்கள். 1992ல் பன்றி மூளையிலிருந்து அது கிடைத்தது. கொழுப்பு அமிலத்திலிருந்து பிறக்கும் ஒரு சின்ன மூலக்கூறு. அதற்கு ‘ஆனந்தமைடு’ என்று பெயர் வைத்தார்கள். நம் ஊர் ‘ஆனந்தம்’தான் அது, சமஸ்கிருதத்திலிருந்து எடுத்தது. 1995ல் இன்னொன்றும் கிடைத்தது. அதன் நீளமான பெயரைச் சுருக்கி 2-ஏ.ஜி. என்பார்கள். மூளையில் ஆனந்தமைடைவிட இது பல மடங்கு அதிகம்.

அதாவது நம் உடல் கஞ்சா தயாரிப்பதில்லை. கஞ்சா எந்தப் பூட்டைத் திறக்கிறதோ அதற்கான சொந்தச் சாவியைத் தயாரிக்கிறது. இரண்டும் ஒன்றா? உங்கள் பக்கம் கண்மாய்ப் பாசனம், அதை வைத்தே சொல்கிறேன்.

மடையில் ஓர் ஆள் நிற்கிறார். பலகையைத் தூக்கித் தண்ணீர் விடுகிறார், கீழே வயல் நிறைகிறது. நிறைந்ததும் வயலில் நிற்பவர் மேலே பார்த்துக் குரல் கொடுக்கிறார்: ‘போதும்ப்பா, பலகையை இறக்கு!’ நரம்பணுக்களுக்கு நடுவிலும் நடப்பது இதுதான். செய்தி மேலிருந்து கீழே போகிறது. செய்தி மிஞ்சிப்போனால், கீழே இருக்கும் நரம்பணு அந்த இடத்திலேயே 2-ஏ.ஜி.யைத் தயாரித்துத் திருப்பி மேலே அனுப்புகிறது. மடைக்காரரின் காதுதான் சி.பி.1. வலி, பயம், பசி, குமட்டல், தசை இழுப்பு எல்லாமே அளவு மீறாமல் நிற்பதில் இந்தப் ‘போதும்’ குரலுக்குப் பங்கு உண்டு. குரல் கொடுத்த வேகத்தில் அது அடங்கியும் விடுகிறது. ஆனந்தமைடை உடைக்க ஒரு நொதி, 2-ஏ.ஜி.யை உடைக்க இன்னொரு நொதி என்று பக்கத்திலேயே காத்திருக்கின்றன. சேமித்து வைக்கும் பேச்சே இல்லை. தேவைப்பட்ட இடத்தில், தேவைப்பட்ட நொடியில் பிறந்து அங்கேயே முடிந்துவிடும்.

தம்பி ஒரு ஜாயிண்ட் இழுக்கும்போது நடப்பது வேறு. ஆயக்கட்டு முழுவதற்கும் கேட்கும்படி குழாய் ஒலிபெருக்கி கட்டி ‘போதும், போதும்’ என்று இரண்டு மூன்று மணி நேரம் கத்துவது போல அது. நிறைந்த வயலின் மடையும் மூடும், நாற்று காய்கிற வயலின் மடையும் மூடும். ஞாபகத்துக்கான ஹிப்போகாம்பஸில் சி.பி.1 நிறைய உண்டு. அதனால்தான் பேசிக்கொண்டிருக்கும்போதே என்ன பேசினோம் என்பது மறந்துபோகிறது. அசைவைச் சீர்படுத்தும் சிறுமூளையிலும் நிறைய உண்டு, அதனால் தள்ளாட்டம். பசியைத் தூண்டும் இடத்திலும் உண்டு. ராத்திரி ஒரு மணிக்கு மூன்று பரோட்டா இறங்குவது அதனால்தான்.

‘யாரும் சாகவில்லை’ என்பதற்கும் இதே வரைபடத்தில் விளக்கம் இருக்கிறது. மூச்சை இயக்கும் மூளைத்தண்டில் சி.பி.1 மிகக் குறைவு. அபின் வகைகள் மூச்சை நிறுத்திக் கொல்வது போலக் கஞ்சா கொல்லாதது அதனால்தான். ஆனால் தம்பி பேசுவது ஆரோக்கியமான 28 வயது உடலை வைத்து. டி.எச்.சி. இதயத் துடிப்பைக் கூட்டும், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இறக்கும். ஐஎன்ஆர் 5.6 இருக்கும் 66 வயதுக்காரர் ராத்திரி பாத்ரூம் போக எழுந்து, தலைசுற்றி விழுந்து, தலை வாசற்படியில் மோதினால் என்ன ஆகும்? ஆவணத்தில் ‘மூளையில் ரத்தக்கசிவு’ என்று எழுதுவார்கள். கஞ்சாவின் பெயர் எங்கும் வராது.

அம்மாவின் மாத்திரையும் எண்ணெயும்

அசிட்ரோம், அதன் உறவான வார்ஃபரின் இரண்டையும் உடைத்து வெளியேற்றுவது கல்லீரலில் இருக்கும் சி.ஒய்.பி.2சி9 என்ற நொதி. டி.எச்.சி.யையும் பெருமளவு இதே நொதிதான் கையாள்கிறது. செடியில் இருக்கும் இன்னொரு பொருளான சி.பி.டி. ஒரு படி மேலே போய் அந்த நொதியின் வேலையையே தடுக்கிறது. ஒரே ஒரு கவுன்ட்டர் திறந்திருக்கும் ரேஷன் கடை வாசலில் புதிதாக ஓர் ஆள் வந்து வழியை மறித்து நின்றுகொண்டால் வரிசை தேங்கும் இல்லையா, அப்படி மாத்திரை ரத்தத்தில் தேங்குகிறது. நீங்கள் தினமும் தருவது அதே மாத்திரைதான், ரத்தத்தில் வேலை செய்வது கூடுதல் அளவு. வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கஞ்சாவோ சி.பி.டி.யோ எடுத்து ஐஎன்ஆர் எகிறிய நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன.

எண்ணெய் ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்த மூன்று வாரத்தில் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் ஏதாவது கொடுத்தீர்களா? அம்மா கீரை, காய் சாப்பிடுவது குறைந்ததா? முழங்கால் வலி என்று கடையில் மாத்திரை வாங்கினாரா? இவையும் ஐஎன்ஆரை ஏற்றும், அல்லது ரத்தக்கசிவைக் கூட்டும். மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள்.

நீங்களாக நிறுத்த வேண்டாம் என்றேனே, அதற்கு வருகிறேன். மருத்துவர் அசிட்ரோம் அளவைக் குறைத்தது எண்ணெய் இருப்பது தெரியாமல். இப்போது எண்ணெயை நிறுத்தினால் சில நாள்களில் கல்லீரலின் வழி மறுபடி திறக்கும், மாத்திரை பழையபடி வேகமாக வெளியேறும். கொடுப்பதோ குறைந்த அளவு. ஐஎன்ஆர் 2க்குக் கீழே போனால் உலோக வால்வில் ரத்தம் உறையலாம். அங்கிருந்து ஒரு துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். மைட்ரல் உலோக வால்வு வைத்தவருக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும் என்போம். 5.6ல் இருந்து தப்பியவர் 1.6ல் மாட்டிக்கொள்ளக் கூடாது. எண்ணெயை நிறுத்தத்தான் வேண்டும். மருத்துவருக்குத் தெரிந்து, அவர் சொல்லும் நாளில், அதன்பிறகு ஐஎன்ஆரை அடுத்தடுத்துப் பார்த்துக்கொண்டு நிறுத்த வேண்டும். நடுவில் மூக்கில் ரத்தம் நிற்காமல் வந்தாலோ, மலம் தார் போலக் கறுத்தாலோ, திடீரென்று கடுமையான தலைவலி, வாய் கோணுதல், கை கால் பலமின்மை வந்தாலோ, தலையில் அடிபட்டாலோ நாள் பார்க்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

புட்டியின் படத்தை அனுப்பியிருந்தீர்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். ‘விஜயா இலைச் சாறு’ என்று இருக்கிறது. ஒரு சொட்டில் டி.எச்.சி. எவ்வளவு, சி.பி.டி. எவ்வளவு என்ற எண் எந்தப் பக்கத்திலும் இல்லை. பச்சை இலையில் இருப்பது பெரும்பாலும் மயக்கம் தராத அமில வடிவம். சூடு பட்டால்தான் அது டி.எச்.சி.யாக மாறும். புகைப்பவர் கொளுத்துவதும், நெய்யில் காய்ச்சும் வழக்கமும் அதற்காகத்தான். இந்த எண்ணெயை எவ்வளவு காய்ச்சினார்கள் என்பது தெரியாமல் நாலு சொட்டு என்பதற்கு ஓர் அர்த்தமும் கிடையாது. இன்னொன்று, நாக்குக்கு அடியில் விட்டாலும் பெரும்பகுதி வயிற்றுக்குத்தான் போகிறது. புகைத்தால் சில நிமிடத்தில் தெரியும். விழுங்கினால் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம்கூட ஆகும், அதற்குள் கல்லீரல் அதை இன்னும் வீரியமான ஒரு பொருளாக மாற்றி அனுப்பும். ‘ஒன்றும் தெரியலையே’ என்று இன்னும் நாலு சொட்டு விட்டுக்கொள்வது இந்த இடைவெளியில்தான்.

புட்டியோடு இருந்த மருந்துச்சீட்டு தம்பியின் பெயரில் இருப்பதையும் கவனித்தேன். வீடியோ அழைப்பில் பேசி அதை எழுதிக்கொடுத்த வைத்தியர் பார்த்தது தூக்கம் வராத 28 வயது இளைஞரை. வால்வு வைத்த அம்மா அவர் கண்ணிலேயே படவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விஜயா ஆயுர்வேதத்தில் பழைய மருந்து, சித்த மருத்துவத்திலும் கஞ்சா சேரும் மருந்துகள் உண்டு. மருத்துவ மேற்பார்வையில் மட்டும் எடுக்க வேண்டிய நச்சுப் பொருள் பட்டியலில்தான் சட்டம் இதை வைத்திருக்கிறது.

சரி, பாத எரிச்சலுக்கு என்ன வழி? வலிக்குக் கஞ்சா உதவுமா என்பதில் பெரியவர்களே ஒத்துப்போகவில்லை. அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2017ல் நாள்பட்ட வலிக்குப் பலன் உண்டு என்றன. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2021ல், சான்று போதாது, பரிந்துரைக்க முடியாது என்றது. உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை இந்தச் சண்டை தீரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. சர்க்கரையால் வரும் நரம்பு எரிச்சலுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. பிரிகாபலின், அசிட்ரோமின் வழியில் குறுக்கே வராது. சிறுநீரகத்தைச் சோதித்து அளவு வைக்க வேண்டும், தூக்கக் கலக்கமும் கால் வீக்கமும் வரலாம். டுலாக்செடின் ரத்தக்கசிவைக் கொஞ்சம் கூட்டும், எனவே இவருக்கு முதல் தேர்வாக வைக்க மாட்டேன். மிளகாயின் காரமான கேப்சைசின் சேர்ந்த களிம்பும் உண்டு. மிளகாய்க் காரம் போய் உட்காரும் ஏற்பியில் ஆனந்தமைடும் போய் உட்காரும், அது ஒரு வேடிக்கை. வெடிப்பு, புண் இருக்கும் பாதத்தில் மட்டும் அதைத் தடவிவிடாதீர்கள்.

தம்பியின் வெந்நீர்

இந்தக் களிம்பு உங்கள் தம்பிக்கும் தேவைப்படலாம். ஆச்சரியப்படாதீர்கள்.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்: ‘வாந்தி வரும் நாளில் பாத்ரூமை விட்டு வெளியே வரமாட்டான். ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் கொதிக்கக் கொதிக்கக் குளிப்பான். முதுகெல்லாம் சிவந்துபோய் வருவான். அதில்தான் வாந்தி நிற்கிறதாம்.’ இதைப் படித்ததும் பேனாவை வைத்துவிட்டேன். தினமும் வருடக்கணக்கில் கஞ்சா புகைப்பவருக்கு அவ்வப்போது அடக்க முடியாத வாந்தி, வயிற்றுவலி, சுடச்சுடக் குளித்தால் மட்டும் ஆறுதல். இந்தச் சேர்க்கைக்கு ஒரு பெயரே இருக்கிறது, கஞ்சா மிகைவாந்தி நோய். 2004ல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள்தான் முதலில் இதை விவரித்தார்கள். கொஞ்சமாக எடுத்தால் குமட்டலை அடக்கும் பொருள், நாள்பட எடுத்தால் இப்படித் திரும்பிக்கொள்கிறது. கீமோதெரபி வாந்திக்கு டி.எச்.சி. மாத்திரையை அமெரிக்கா 1985லேயே அனுமதித்தது என்பதைத் தம்பி சொன்னால், இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பல வருடங்களுக்கு முன்னால் என்னிடம் ஒரு பையன் இதே தொந்தரவோடு வந்தான். ஸ்கேன், எண்டோஸ்கோபி, அமில மாத்திரை என்று எட்டு மாதம் அலையவிட்டேன். ‘ஏதாவது புகைக்கிறாயா?’ என்று கேட்கத் தோன்றவில்லை, அவனும் சொல்லவில்லை. கடைசியில் அவனுடைய அறைத்தோழன்தான் போட்டுக் கொடுத்தான். ஆகவே இரண்டு எண்டோஸ்கோபியில் ஒன்றும் தெரியாததற்கு அந்த மருத்துவர்கள் மேல் கோபப்படாதீர்கள். வாந்தி உச்சத்தில் இருக்கும்போது குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும், நீர்ச்சத்து வற்றினால் சிறுநீரகம் பாதிக்கும். வயிற்றில் கேப்சைசின் களிம்பு தடவினால் சிலருக்குத் தணிகிறது. கஞ்சாவை முழுதாக விட்டால்தான் நோய் போகும், குறைத்துக்கொள்வது உதவாது.

‘எப்ப வேணா விட்டுடுவேன்’ என்கிறாரா? விடட்டும். முதல் வாரம் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். மறுபடி மடைக்காரரிடம் போவோம். தினமும் ஒலிபெருக்கி அலறினால் அவர் என்ன செய்வார்? காதில் பஞ்சை அடைத்துக்கொள்வார். மூளையும் சி.பி.1 ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பழைய அளவு போதாமல் போவது இதனால்தான். திடீரென்று கஞ்சா நின்றால், உடலின் சொந்தக் குரல் பஞ்சு அடைத்த காதில் விழாது. எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, வியர்வை, விசித்திரக் கனவுகள் வரும். ஓரிரு நாளில் தொடங்கி முதல் வாரத்தில் உச்சம், இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். ஆள் அந்த நாலாம் நாளில்தான் ‘பார், இது இல்லாம என்னால தூங்க முடியலை, இது எனக்கு மருந்து’ என்று திரும்பிப் போவார். மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வில் சுமார் நாலு வாரத்தில் ஏற்பிகள் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிட்டன. டி.எச்.சி. கொழுப்பில் தங்குவதால் சிறுநீரில் வாரக்கணக்கில் தெரியும். அதை வைத்து அவர் திருட்டுத்தனமாகப் புகைக்கிறார் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

பைத்தியம் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். கஞ்சா தொட்டவர் எல்லாம் பைத்தியமாவதில்லை, எல்லோரும் அடிமையாவதும் இல்லை. ஒருமுறையாவது எடுத்தவர்களில் சார்புநிலைக்குப் போகிறவர்கள் சுமார் நூற்றுக்கு ஒன்பது பேர் என்று அமெரிக்காவில் கணக்கிட்டார்கள். பதின்வயதில் தொடங்கியவர்களிடம் அது கிட்டத்தட்ட இரட்டிப்பு. மனச்சிதைவு ஆபத்து, வீரியமான சரக்கைத் தினமும் எடுப்பவர்களுக்கும் குடும்பத்தில் மனநோய் உள்ளவர்களுக்கும் கூடுதல். ‘எங்கள் சித்தப்பா தனியாகப் பேசிக்கொண்டே இருப்பார், சின்ன வயதிலேயே இறந்துவிட்டார்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகவே, அவர் விட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன். யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள், காதில் குரல் கேட்கிறது என்று அவர் சொன்னால் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போகத் தாமதிக்காதீர்கள்.

அவர் இருக்கும் பெங்களூரிலேயே நிம்ஹான்ஸில் போதை மீட்பு மருத்துவப் பிரிவு இருக்கிறது. போனில் பேச மட்டும் என்றால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலும் பேசலாம், போதை மீட்புக்கென்று 14446 இருக்கிறது. அக்கா சண்டை போட்டதால் யாரும் கஞ்சாவை விட்டதாக எனக்குத் தெரியாது. ‘உன் வாந்திக்குக் காரணம் கிடைத்துவிட்டது போலிருக்கிறது’ என்று தொடங்குங்கள். வாந்தியை நிறுத்த அவருக்கே ஆசை இருக்கும்.

போலீஸ் பயம்

நான் வழக்கறிஞன் இல்லை, மருத்துவருக்குத் தெரிய வேண்டிய அளவு சொல்கிறேன். 1985ம் வருடத்துப் போதைப்பொருள் சட்டம் ‘கஞ்சா’ என்று சொல்வது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகளை. அந்த நுனி இல்லாமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அந்த வரையறையில் வராது. இலையிலிருந்து தயாரித்த விஜயா மருந்துகள் உரிமத்தோடும் மருந்துச்சீட்டோடும் விற்கப்படுவது இந்த இடைவெளியில்தான். புட்டியில் உற்பத்தி உரிம எண் இருக்கிறதா, சீட்டும் பில்லும் இருக்கிறதா என்று பார்த்து எடுத்து வையுங்கள். கடைகளில் ‘ஹெம்ப் சீட் ஆயில்’ என்று கிடைக்கும் கஞ்சாச் செடியின் விதை எண்ணெய் என்பது வேறு, அது டி.எச்.சி. அளவுக்கு வரம்பு வைத்து அனுமதித்த உணவு எண்ணெய்.

தம்பி புகைப்பது குற்றம்தான். கஞ்சா உட்கொண்டால் 27வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு கிலோ வரை ‘சிறிய அளவு’ என்று கணக்கு, ஆனால் அதை வைத்திருப்பதும் தண்டனைக்குரியதே. அதே சட்டத்தில் 64ஏ என்ற பிரிவும் இருக்கிறது. அடிமையான ஒருவர் உட்கொண்டதற்காகவோ சிறிய அளவுக்காகவோ குற்றம் சாட்டப்பட்டால், அவர் தாமாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கும் போகலாம். ஏதாவது நோட்டீஸ், விசாரணை என்று வந்தால் மட்டும் வழக்கறிஞரைப் பாருங்கள்.

அம்மா விஷயத்தில் இந்தப் பயம் வேண்டவே வேண்டாம். ஐஎன்ஆர் ரத்தத்தில் கஞ்சா தெரியாது, அது ரத்தம் உறைய எத்தனை நேரம் ஆகிறது என்று மட்டும் பார்க்கும் சோதனை. நோயாளி என்ன சாப்பிட்டார் என்பதை ரகசியமாக வைத்திருப்பது எங்கள் தொழில்நெறி. ‘அன்றைக்குப் பயந்துபோய் மறைத்துவிட்டேன் சார்’ என்று சொன்னால், நாலு வார்த்தை திட்டுவார். நானாக இருந்தாலும் திட்டுவேன். அப்புறம் நோட்டை வாங்கி அளவைத் திருத்தி எழுதுவார்.

அம்மாவிடம் சொல்வதா?

சொல்லுங்கள். ‘கஞ்சா என்று தெரிந்தால் உயிரை விட்டுவிடுவார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பதினோரு வருடமாக நாள் தவறாமல் மாத்திரை போட்டு, மாதாமாதம் கையை நீட்டி ஊசி குத்திக்கொள்ளும் மனுஷி அத்தனை சுலபத்தில் உடைய மாட்டார். நீங்கள் மறைத்தால் நாளைக்கு வேறொரு மருத்துவமனையில் ‘என்ன மருந்து எடுக்கிறீர்கள்’ என்று கேட்டால் அவரும் ‘தைலம்’ என்றுதான் சொல்வார். தன் நாக்குக்கு அடியில் என்ன விழுகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும், வேண்டாம் என்று சொல்வதும் அவர் உரிமை. எண்ணெயை நிறுத்திய பிறகு சில நாள் தூக்கம் கெடலாம் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாள் ‘அந்தத் தைலத்தையே கொடு’ என்பார்.

தம்பி போனிலாவது கூட இருக்கட்டும். வாங்கிக் கொடுத்தவர் அவர், அம்மா வலியில் துடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான் வாங்கியிருக்கிறார், அதை அவர் வாயாலேயே சொல்லட்டும். மருத்துவரிடம் போகும்போது பையில் நாலு பொருள் இருக்க வேண்டும்: ஐஎன்ஆர் நோட்டு, அசிட்ரோம் அட்டை, எண்ணெய்ப் புட்டி, மீதி மாத்திரைகள் எல்லாம் போட்டு வைக்கும் அந்தப் பிஸ்கட் டப்பா. டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வையுங்கள், நீங்கள் மறந்த ஏதாவது ஒன்று அதில் கிடக்கும்.